ஆண் பூனை சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து சிறுநீர் விடுகிறது: கிருமியா, கல்லா, வேறு காரணமா?

பாமணிக்கரை:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் இருக்கோம். மூணு வயசு ஆண் நாட்டுப் பூனை, கருத்தடை ஆபரேஷன் ஆனது, எடை 4.2 கிலோ. ஐப்பசி மழை பிடிச்சதிலிருந்து கொல்லைப் பக்கம் போகாம வீட்டுக்குள்ளேயே கிடக்கு. நேத்து ராத்திரியிலிருந்து மணல் தட்டில் ஏறி உட்காருது, முக்குது, ரெண்டு சொட்டு விட்டுட்டு இறங்குது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. குளியலறைத் தரையில் விட்டது இளஞ்சிவப்பா இருந்தது. பின்பக்கத்தை நக்கிக்கிட்டே இருக்கு. சாப்பாடு பாதி இறங்குது, வாந்தி இல்லை.

ஆடியிலும் இதே மாதிரி வந்தது. ஆன்டிபயாடிக் ஊசி போட்டு நாலஞ்சு நாளில் சரியாச்சு. அதனால இப்பவும் அதையே போட்டுடலாம்னு வீட்டில் சொல்றாங்க. எனக்குக் காரணம் தெரிஞ்சு வைத்தியம் பார்க்கணும். எந்தப் பரிசோதனை முதலில், எது அடுத்து? சாப்பாடு பெரும்பாலும் உலர் தீனி, மதியம் கொஞ்சம் மீன் சோறு. போர் தண்ணிதான், உப்புக் கரிக்கும். கல்லுக்கு அதுதான் காரணமா?

கொல்லைப்பூனை:

காரணம் தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணைப் பாருங்க: சிறுநீர் வெளியே வருதா, அடைச்சிருக்கா? ஆண் பூனைக்கு இது உயிர் விஷயம். ஆண்குறிப் பகுதியில் சிறுநீர்க்குழாய் ரொம்பக் குறுகல். சளியும் படிகமும் சேர்ந்த ஒரு சின்ன அடைப்பு போதும், முழுசா மூடிடும். மூடினால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குறைக்கும். ஒண்ணு ரெண்டு நாளுக்குள் பூனை போயிடும்.

மணல் தட்டை வச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது, மணல் எல்லாத்தையும் குடிச்சிடும். தட்டைக் காலி பண்ணிட்டு வெள்ளைத் துணியோ பழைய செய்தித்தாளோ போடுங்க. ஈரம் விழுதான்னு கண்ணால பாருங்க. அப்புறம் பூனை நிக்கும்போது பின்னங்காலுக்கு முன்னாடி அடிவயித்தை ரெண்டு பக்கமும் விரலால் மெதுவா தொடுங்க. சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழ அளவிலோ அதைவிடப் பெரிசாவோ, கெட்டியா, தொட்டதும் கத்துற மாதிரி இருந்தா அடைப்பு. அழுத்திப் பிதுக்கவே கூடாது, பை கிழிஞ்சிடும். கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலைன்னா பை காலியா இருக்கு, அழற்சியால் அடிக்கடி முடுக்குதுன்னு அர்த்தம்.

துணி நனையாம முக்கிக்கிட்டே இருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சுருண்டு படுத்தாலோ, குறி நுனி கருஞ்சிவப்பா தெரிஞ்சாலோ ராத்திரி பன்னெண்டு மணியானாலும் டாக்டர்கிட்ட கிளம்புங்க. காலையில் பார்த்துக்கலாம்னு விட வேண்டாம். கருத்தடை ஆனதால் அடைப்பு வராதுன்னும் நினைக்காதீங்க.

இன்னொண்ணு, மலச்சிக்கலில் முக்குறதையும் பலர் சிறுநீர்க் கோளாறுன்னு எடுத்துக்கிறாங்க. கடைசியா மலம் எப்போ போச்சு?

பாமணிக்கரை:

துணி போட்டுப் பார்த்தாச்சு. ஒவ்வொரு தடவையும் நனையுது, அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்கு, சிவப்புக் கரையோடு. வயித்தில் கெட்டியா ஒண்ணும் தட்டுப்படலை. மலம் இன்னைக்குக் காலையில் சரியா போச்சு.

உம்பளாச்சேரி:

அப்படியானால் இப்போதைக்கு அடைப்பு இல்லை. ஆனால் இந்த வாரம் முழுக்க அந்தத் துணிச் சோதனையைத் தொடருங்கள். இன்று சொட்டு விடும் ஆண் பூனை நாளை அடைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்வி. பத்து வயதுக்குள் இருக்கும் பூனைக்கு இந்த அறிகுறிகள் வந்தால் பாதிக்கு மேல் காரணம் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் தானாக அழற்சி கொள்வது. பரிசோதனையில் வேறெதுவும் கிடைக்காதபோது ‘தானாக வரும் அழற்சி’ என்று பெயர் வைக்கிறோம். பயம், இடமாற்றம், அடைபட்டுக் கிடப்பது, சிறுநீரை நெடுநேரம் அடக்கி வைப்பது, கெட்டியான சிறுநீர் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். அடுத்தது கல், ஆண் பூனையில் குழாய் அடைப்பு. இளம் பூனைக்குக் கிருமித் தொற்று அரிது. நூறில் ஓரிரண்டுதான் இருக்கும். நன்றாகச் சுண்டிய சிறுநீரில் கிருமி எளிதில் வளர்வதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தானாக வரும் அழற்சி பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த ஊசி போட்டாலும், போடாவிட்டாலும், ‘நாலஞ்சு நாளில்’ சரியாகும். ஆடியில் சரியானதை வைத்து அது கிருமி என்று முடிவு கட்ட முடியாது. அதே ஊசியைத் திரும்பப் போட்டால் உண்மைக் காரணம் மறைந்துபோகும். பின்னால் நிஜமாகவே கிருமி வரும்போது மருந்து வேலை செய்யாமலும் போகும்.

பரிசோதனை வரிசை இப்படி வையுங்கள். முதலில் சிறுநீர். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, டாக்டர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் பையிலிருந்து நேராக எடுக்கும் சாம்பிள்தான் சரியானது. 22 அல்லது 23 எண் ஊசி, 5 மில்லி சிரிஞ்சு போதும். தட்டிலிருந்து எடுத்ததைக் கல்ச்சருக்கு அனுப்பினால் தோலிலும் தரையிலும் உள்ள கிருமிதான் வளரும். வயிற்றை அமுக்கி எடுத்தால் அமுக்கியதாலேயே ரத்தம் வரும். உங்கள் பூனை பையை அடிக்கடி காலி செய்துவிடுவதால், போனதும் டாக்டர் ஸ்கேனில் பார்த்து, கொஞ்சம் நிறைந்ததும் எடுப்பது நல்லது.

சாதாரணச் சோதனைக்கு வீட்டிலேயே பிடிக்கலாம். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, காயவைத்து, மீன்தொட்டிக்குப் போடும் சிறு கூழாங்கல்லை வெந்நீரில் அலசி உலர்த்திப் பரப்புங்கள். அது ஈரத்தை உறிஞ்சாது. பூனை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் விட்டு, எடுத்த நேரத்தை மேலே எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள்.

லேபில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்படர்த்தியை, அதாவது சிறுநீர் எவ்வளவு கெட்டி என்பதை, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் உள்ள அந்தக் கட்டம் பூனைக்கு நம்பத்தக்கதல்ல. பிஹெச். பிறகு படிவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் சிவப்பணு, வெள்ளையணு, படிகம் மூன்றையும் எண்ணிச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிப்பில் வெள்ளையணுக் கட்டம் பூனைச் சிறுநீரில் வீணாக நிறம் மாறும். நைட்ரைட் கட்டமும் உதவாது.

அடுத்தது எக்ஸ்ரே. சிறுநீரகத்திலிருந்து குறி நுனிவரை ஒரே படத்தில் தெரிய வேண்டும். வால்பக்கம் வெட்டுப்பட்ட படத்தில் குழாயில் சிக்கிய கல் தப்பிவிடும். ஸ்கேன் பைச்சுவரையும் மணல் போன்ற படிவையும் நன்றாகக் காட்டும், ஆனால் குழாயின் கீழ்ப்பகுதியைக் காட்டாது. அதனால் முடிந்தால் இரண்டும் வேண்டும். ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா, அவற்றோடு சர்க்கரை. அடைப்பு என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பொட்டாசியம், அதுவும் உடனடியாக.

மன்னார்குடியில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு ரொம்பத் தொலைவில்லை, தஞ்சை–பட்டுக்கோட்டை சாலையில். 2012-இல் தொடங்கியது. புறநோயாளி நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பூனையை மூடிய கூடையில், மேலே துணி போர்த்திக் கொண்டு போங்கள்.

போர் தண்ணீரைப் பற்றி: உப்புத் தண்ணீர் குடித்தால் பூனைக்குக் கல் வரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ருசி பிடிக்காமல் குறைவாகக் குடித்தால் அதுதான் கெடுதல். கேன் தண்ணீரை ஒரு கிண்ணத்திலும் போர் தண்ணீரை இன்னொன்றிலும் வைத்து எதைக் குடிக்கிறது என்று பாருங்கள்.

வடுவூர் நாரை:

உம்பளாச்சேரி சார் எழுதினதோட நம்ம பக்கத்துக்கே உரிய ஒண்ணைச் சேர்க்கணும். இப்போ வயலில் எலிக்கு மருந்து வைக்கிற நேரம். புரோமடையலோன் கேக் தின்ன எலியைப் பூனை தின்னாலும், ரத்தம் உறையாம சிறுநீரில் ரத்தம் போகலாம். எலி வேட்டைக்குப் போற பூனைன்னா இதையும் நினைக்கணும். வித்தியாசம்: விஷமா இருந்தா சிறுநீர் அளவா, நிறையவே வரும், முக்கலும் எரிச்சலும் அவ்வளவா இருக்காது. ஈறு வெளிறியிருக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம், தோலில் கன்னிய நீலம் தெரியும். மருந்து உள்ளே போய் சில நாள் கழிச்சுத்தான் ரத்தம் தெரியும், அதனால எலி தின்ன நாளை மறந்திருப்பீங்க. உறையும் நேரம் சோதிச்சு வைட்டமின் கே1 கொடுக்கணும், வாரக்கணக்கில்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லணும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணி இதையெல்லாம் மனுஷக் கல்லுக்குக் கொடுக்கிற பழக்கத்தில் பூனை வாயிலும் ஊத்துறாங்க. பூனைக்குக் கல் கரையும்னு காட்ட ஒண்ணுமில்லை. வலுக்கட்டாயமா ஊத்தினா நுரையீரலுக்குப் போகும், பயத்தில் அழற்சி இன்னும் கூடும். அடைப்பு இருக்கும்போது ‘சிறுநீர் பெருக்கி’ எதையும் கொடுக்கிறது, போக வழியில்லாத பையில் மேலும் தண்ணி நிரப்புற வேலை.

வலிக்குன்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க. 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணே பூனையைக் கொன்னுடும். ஐபுபுரூஃபனும் அப்படியே.

பாமணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. எலி பிடிக்கப் போற பூனை இல்லை, ஈறு ரோஜா நிறமாத்தான் இருக்கு. சோதனை எல்லாம் எடுத்தாச்சு. ரிசல்ட்:

ஒப்படர்த்தி 1.048. பிஹெச் 6.5. ஸ்ட்ரிப்பில் ரத்தம் மூணு பிளஸ், வெள்ளையணு ரெண்டு பிளஸ், புரதம் ஒரு பிளஸ், சர்க்கரை இல்லை. மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு நிறைய, வெள்ளையணு 2–4, ஸ்ட்ருவைட்ங்கிற தாதுப் படிகம் சில. அந்தச் சாம்பிள் மட்டும் நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்துதான் லேபுக்குப் போச்சு. ஊசியால் எடுத்ததில் கல்ச்சர் 48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை. எக்ஸ்ரேயில் கல் இல்லை. ஸ்கேனில் பைச்சுவர் லேசா தடிப்பு. கிரியேட்டினின் 1.4.

வெள்ளையணு ரெண்டு பிளஸ், படிகமும் இருக்கு. அப்போ கிருமியும் கல்லும் ரெண்டுமே இருக்குன்னு லேப்காரர் சொல்றார். சரியா?

உம்பளாச்சேரி:

இல்லை. தனித்தனியாகப் பாருங்கள்.

ஸ்ட்ரிப் வெள்ளையணுவை விடுங்கள், அது பூனையில் பொய் சொல்லும் என்று முன்னமே எழுதினேன். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்துக்கு 2–4 என்பது இயல்பு. கிருமி இருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிபயாடிக் போடுமுன் ஊசியால் எடுத்த சாம்பிளில் வளர்ச்சி இல்லை. கிருமி இல்லை என்று சொல்ல இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

படிகம்: ஆரோக்கியமான பூனைக்கும் சில ஸ்ட்ருவைட் படிகங்கள் இருக்கும். அதிலும் இந்தச் சாம்பிள் ஃபிரிட்ஜில் கிடந்தது. சிறுநீர் குளிர்ந்தாலே படிகம் புதிதாக உருவாகும். உடம்புக்குள் இருந்ததா, டப்பாவுக்குள் வந்ததா என்று இப்போது பிரிக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்த புதுச் சாம்பிளில் நிறையப் படிகம் வந்தால் அப்போது பேசலாம். பிஹெச் 6.5-இல் ஸ்ட்ருவைட் பெரிதாகச் சேராது. புரதம் ஒரு பிளஸ், இவ்வளவு ரத்தமும் இவ்வளவு கெட்டியான சிறுநீரும் இருக்கும்போது அதற்குத் தனி அர்த்தம் தேட வேண்டாம்.

1.048 இரண்டு செய்தி சொல்கிறது. சிறுநீரகம் தண்ணீரை நன்றாகச் சுண்டவைக்கிறது, கிரியேட்டினினும் சரியாக இருப்பதால் சிறுநீரகம் தப்பியது. அதே சமயம், ஏற்கெனவே புண்ணான பைச்சுவரில் இவ்வளவு கெட்டியான சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது.

கல் இல்லை, வளர்ச்சி இல்லை, பைச்சுவர் தடித்திருக்கிறது, மழைக்கு அடைந்து கிடக்கிறது, ஆடியில் ஒரு முறை வந்து தானாகப் போயிருக்கிறது. இது தானாக வரும் அழற்சி. எக்ஸ்ரேயில் 2, 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் தப்பலாம் என்பதால், மூன்றாவது முறையும் வந்தால் படத்தைத் திரும்ப எடுங்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டாம். வேண்டியது வலி மருந்து. சிறுநீர்ப்பை வலி கடுமையானது. வலியால் குழாய்த் தசை இறுகி அடைப்புக்கே வழி வைக்கும். பியூப்ரினார்ஃபின் அல்லது பியூடோர்ஃபனால் ஊசியை டாக்டரிடம் கேளுங்கள். மெலாக்ஸிகாம் கொடுப்பதானால் பூனை நன்றாகத் தண்ணீர் எடுக்கிறதா, சிறுநீரகம் சரியா என்று பார்த்து, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும். அடைப்பில் கொடுக்கவே கூடாது.

பாமணிக்கரை:

கல் கரைக்கிற யூரினரி தீனி ஒரு மூட்டை வாங்கச் சொன்னாங்க. வாங்கணுமா?

உம்பளாச்சேரி:

கரைக்கக் கல் இல்லையே. அந்தத் தீனி ஸ்ட்ருவைட் கல்லைக் கரைக்கும், சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியும்படி. கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்காது, அதை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் பூனைக்கு வேண்டியது தண்ணீர். யூரினரி தீனியே கொடுக்க விரும்பினால் உலர் மூட்டையை விட்டு அதே தீனியின் ஈர வகையை வாங்குங்கள்.

கொல்லைப்பூனை:

தண்ணிக் கணக்கு எழுதுறேன். பூனைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்குச் சுமார் 50 மில்லி மொத்த நீர் வேணும். 4.2 கிலோவுக்கு 210 மில்லி. உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட ஈரம் இருக்காது. 55 கிராம் தின்னா உள்ளே போறது 5 மில்லி. மிச்சம் 205 மில்லியை அது கிண்ணத்தில் குடிச்சே சேர்க்கணும். பெரும்பாலான பூனை அவ்வளவு குடிக்காது. 85 கிராம் ஈரத்தீனிப் பாக்கெட் ஒண்ணில் 65 மில்லிக்கு மேல் நீர் இருக்கு. மூணு பாக்கெட் தின்னா கணக்கு முடிஞ்சது.

மூணும் கட்டுப்படியாகலைன்னா ஒரு பாக்கெட், மீதி உலர் தீனியை ஊறவச்சுக் கொடுங்க. முதல் நாளே தண்ணியில் மிதக்கவிட்டா முகத்தைத் திருப்பிக்கும். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பிச்சு, தின்னத் தின்ன ஏத்துங்க, தீனி எடைக்கு ரெண்டு பங்கு தண்ணி வரைக்கும். நம்ம ஊர் புழுக்கத்தில் ஊறின தீனி சீக்கிரம் புளிச்சுடும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைக்காம எடுத்துடுங்க.

மீன் வேகவச்ச தண்ணி நல்ல உபாயம். மத்தியோ கெண்டையோ வெறும் தண்ணியில் வேகவச்சு, முள் நீக்கி, அந்தத் தண்ணியோடவே கொடுங்க. உப்பு, புளி, வெங்காயம், பூண்டு எதுவும் படக்கூடாது. வெங்காயம் பூனை ரத்தத்தையே கெடுக்கும். குழம்பிலிருந்து எடுத்த மீனைக் கழுவிக் கொடுக்கிறதும் சரிப்படாது. மீன் சோறு மட்டுமே முழுச் சாப்பாடா ஆக வேண்டாம், அதில் சத்து நிறைவா இருக்காது.

அடுத்து மணல் தட்டு. உங்க கேஸில் இதுதான் கோளாறின் வேர்னு எனக்குப் படுது. வருஷம் பூரா கொல்லை மண்ணில் போய்ப் பழகினது. ஐப்பசியில் கொல்லை முழுக்க சேறு, தண்ணி. திடீர்னு வீட்டுக்குள் ஒரே தட்டு, அதுவும் அதுக்குப் பிடிக்காத இடத்தில் இருந்தா, அடக்கி வச்சுக்கும். எங்கே வச்சிருக்கீங்க, எவ்வளவு பெரிசு?

பாமணிக்கரை:

வாஷிங் மெஷின் பக்கத்தில். பழைய காய்கறி டிரே, அதில் ஆத்து மணல் ஒரு விரற்கடை உயரத்துக்கு.

கொல்லைப்பூனை:

மாத்துங்க. மெஷின் சுத்துற நேரத்தில் ஒரு தடவை பயந்தாலும் அப்புறம் அங்கே போகாது. ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு, வெவ்வேறு அறையில், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இல்லாம. நீளம் பூனை மூக்கிலிருந்து வாலடி வரைக்கும் ஒன்றரைப் பங்கு இருக்கணும். மாவு பிசையற அகலமான பிளாஸ்டிக் பேசின் சரியா வரும். மணலைச் சலிச்சு, நல்லா காயவச்சு, நாலு செண்டிமீட்டர் உயரம் போடுங்க. மழையில் ஈர மணல் போட்டா அது காலை வைக்காது, அதனால ரெண்டு மூணு மூட்டை வெயில் அடிக்கிறப்பவே காயவச்சுக் கட்டிவைங்க. தினம் ரெண்டு வேளை கட்டியை அள்ளிடுங்க. பினாயில் ஊத்திக் கழுவாதீங்க, வாடைக்கே வெளியே போய் நிக்கும், பினாயில் பூனைக்கு விஷமும்கூட. வாடையில்லாத சோப்பு போதும்.

தீபாவளி வெடிக்கு ஒளிய ஒரு மூடின இடம், பரண்லயோ பீரோ மேலேயோ உயரமான ஒரு படுக்கை வேணும். வெளிக் கடுவன் ஜன்னல் வழியா முறைக்குதுன்னா கீழ்ப்பாதிக் கண்ணாடியை மறைங்க.

திருமருகல் மாடி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பெண் பூனை, வயது பதின்மூன்று. முக்கல் இல்லை, ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறது, மெத்தையில் பெரிதாக நனைக்கிறது. இதுவும் இதே அழற்சியா?

உம்பளாச்சேரி:

இல்லை, இது வேறு பாதை. நிறையக் குடித்து நிறையக் கழிக்கும் வயதான பூனைக்குச் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் முதலில் பாருங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை, தைராய்டுக்கு டி4. சிறுநீரில் ஒப்படர்த்தி. அது 1.035-க்குக் கீழே தொடர்ந்து நின்றால் சிறுநீரகச் சந்தேகம் வலுக்கும். இந்த வயதில், நீர்த்த சிறுநீரில், கிருமி உண்மையிலேயே வளரும். அதனால் கல்ச்சரை விட்டுவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து வைத்தால் மெத்தை நனையாது என்று நினைத்து வைக்கவே வேண்டாம், இந்தப் பூனை அதைத் தாங்காது.

பாமணிக்கரைக்கு: வலி மருந்தும் ஈரத்தீனியும் தொடங்கி ஒரு வாரத்தில் சொட்டு நிற்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள். நின்றுவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒப்படர்த்தியை மட்டும் பாருங்கள், அதே ரிஃப்ராக்டோமீட்டரில், காலைச் சிறுநீரில். சிறுநீரகம் சரியாக உள்ள உங்கள் பூனைக்கு, ஈரத்தீனிக்குப் பிறகு அது 1.035-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்திருந்தால் தண்ணீர் போதுமான அளவு உள்ளே போகிறது. அது 1.048-லேயே நின்றால் தீனியில் இன்னும் தண்ணீர் கூட்டுங்கள்.